ஒலிம்பிக் நம் ஊருக்கு வரலாமா? மக்கள் கருத்தை அளப்பது எப்படி

2015 ஜனவரியில், 2024 ஒலிம்பிக்கிற்கான அமெரிக்க வேட்பாளராக பாஸ்டன் நகரம் தேர்வானது. அந்த மாதம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஆதரவு 51 சதவீதம், எதிர்ப்பு 33. பிப்ரவரியில் 44க்கு 46. மார்ச்சில் 36க்கு 52. ஜூலை முடிவதற்குள் நகரம் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. இந்த மூன்று கணிப்புகளில் எதுவும் தவறானதல்ல. ஜனவரியில் மக்கள் கையில் இருந்தது வெறும் அறிவிப்பு. அதற்குப் பிறகு வந்த கடும்பனியில் நகர ரயில்கள் நின்றன, செலவுக் கணக்குகள் வெளியே வந்தன, யார் பொறுப்பு என்ற பேச்சு எழுந்தது.

பெரிய விளையாட்டுப் போட்டிக்கு முதலில் கிடைக்கும் ஆதரவு எங்கும் இப்படித்தான்: பரப்பு அதிகம், ஆழம் குறைவு. "ஆதரிக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பரப்பு மட்டும்தான் தெரியும். என்ன விலை வரைக்கும் ஆதரவு, எவ்வளவு உறுதி, எத்தனை நாள் நிற்கும் என்பதையும் சேர்த்து அளந்தால்தான் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியும். நகராட்சியோ, பல்கலைக்கழகத் துறையோ, குடிமக்கள் அமைப்போ அப்படி ஒரு சர்வே எடுப்பதற்கான வழிமுறை இது.

யார் 'மக்கள்'?

போட்டியை நடத்துவது நகரம். நஷ்டம் வந்தால் ஈடுசெய்வதாக உத்தரவாதம் தருவது பெரும்பாலும் தேசிய அரசு. தூசியையும் நெரிசலையும் ஏழெட்டு வருடம் சுமப்பது மைதானத்தைச் சுற்றியிருக்கும் சில வார்டுகள். இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே கருத்து இருக்காது.

2013 செப்டம்பரில் ஆஸ்லோ நகர வாக்காளர்களில் 55 சதவீதம் பேர் 2022 குளிர்கால ஒலிம்பிக்கிற்குச் சம்மதம் சொன்னார்கள். நார்வேயின் மற்ற பகுதிகளில் எதிர்ப்பு ஓங்கியிருந்தது. 2014 அக்டோபரில் அரசு நிதி உத்தரவாதம் தர மறுத்ததும் விண்ணப்பம் முடிந்துபோனது. நேர் எதிரான கதையும் உண்டு. 2017 அக்டோபரில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2026 போட்டி பற்றி வாக்களித்தபோது மாநிலம் முழுக்க எதிர்ப்பு 53 சதவீதம். போட்டியின் மையமாக இருக்க வேண்டிய இன்ஸ்புருக் நகரில் மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. போட்டி நடக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார்களோ, அவ்வளவுக்கு ஆதரவு கூடும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே தொடக்கத்திலேயே மூன்று அடுக்குகளாகப் பிரித்துவிடுங்கள்: மைதானம், வீரர் குடியிருப்பு, புதிய ரயில் தடம் ஆகியவற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள், நகரத்தின் மற்றவர்கள், நகரத்துக்கு வெளியே, வரி மட்டும் கட்டப்போகிறவர்கள்.

அடுத்து, வாக்காளரா, வசிப்பவரா? பொதுவாக்கெடுப்பின் முடிவை முன்கூட்டி அறிய வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியல் போதும். பாதிப்பை அறிய வேண்டுமென்றால் போதாது. வீடு காலிசெய்ய வேண்டி வரக்கூடிய வாடகைக்காரர்கள், வேறிடத்திலிருந்து வந்து வேலை செய்பவர்கள், தெருவோர வியாபாரிகள் ஆகியோரில் பலர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு பிறகு பட்டியலைத் தேடுங்கள்.

எத்தனை பேரைக் கேட்பது?

எளிய வாய்ப்புமுறைத் தேர்வில், அதாவது குலுக்கல் போல ஆட்களை எடுக்கும்போது, 95 சதவீத நம்பிக்கை அளவில் பிழை வரம்பு இப்படி வரும்: 400 பேருக்குக் கூட்டியும் கழித்தும் 4.9 புள்ளி, 600 பேருக்கு 4, 1000 பேருக்கு 3.1, 2400 பேருக்கு 2. பிழையைப் பாதியாகக் குறைக்க ஆட்கள் நான்கு மடங்கு வேண்டும். நகரத்தின் மக்கள்தொகை 5 லட்சமா 50 லட்சமா என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய எந்த மாற்றமும் செய்யாது. இதை நம்பாத அதிகாரியோ தலைவரோ ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். நல்ல ரத்தப் பரிசோதனைக்கு உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் எடுப்பதில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

ஆனால் வீடு வீடாகப் போகும் சர்வேயில் இந்த எண்கள் நிற்காது. ஒரே தெருவில் இருப்பவர்களின் கருத்து ஒன்றுபோலச் சாய்வதால் பத்தாவது வீட்டில் கிடைக்கும் புதுத் தகவல் குறைவு. கணக்கு இது: ஓரிடத்தில் எத்தனை பேரைக் கேட்கிறோமோ அதில் ஒன்றைக் கழித்து, ஒற்றுமை அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றுமை அளவு என்பது ஒரே இடத்தில் இருப்பவர்களின் கருத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் எண். அது 0.05 என்று கொள்வோம். 120 இடங்களில் பத்துப் பத்துப் பேர் என 1200 பேரைக் கேட்டால் கிடைக்கும் பெருக்கம் 1.45. 1200ஐ அதால் வகுத்தால், அந்த 1200 பேர் உண்மையில் 828 பேருக்குச் சமம், பிழை 3.4. அதே 1200 பேரை 40 இடங்களில் முப்பது முப்பதாக எடுத்தால் பெருக்கம் 2.45, வெறும் 490 பேருக்குச் சமம், பிழை 4.4. பயணச் செலவை மிச்சம் பிடிக்க இடங்களைக் குறைப்பவர்கள் இழப்பது இதைத்தான். மைதானத்தை ஒட்டிய வார்டுகளில் ஒற்றுமை அளவு இன்னும் அதிகமாக இருக்கும். அங்கே ஓரிடத்துக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம்.

அந்த வார்டுகளில் நகரத்தின் 5 சதவீதம் பேர்தான் இருக்கிறார்கள் என்றால், பொதுவான 1200 பேர் தேர்வில் அங்கிருந்து 60 பேர்தான் கிடைப்பார்கள். அறுபது பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அங்கே 400, மற்ற இடங்களில் 800 என்று வேண்டுமென்றே கூட்டி எடுத்து, நகர மொத்தத்தைக் கணக்கிடும்போது எடையால் சரிக்கட்டுங்கள். ஒருவரின் பதிலை எத்தனை பேருடையதாக எண்ணுகிறோம் என்பதே எடை. முதல் கூட்டத்தில் ஒருவருக்கு எடை 0.15, மற்றவருக்கு 1.425. இதனால் நகர மொத்தத்துக்கு அந்த 1200 பேர் ஏறக்குறைய 880 பேருக்குத்தான் சமமாவார்கள். அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

வீட்டைத் தேர்ந்தெடுத்ததும், கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிடுவதுதான் களத்தில் அதிகம் நடக்கும் கோளாறு. பகலில் கதவைத் திறப்பவர் ஓய்வு பெற்றவராகவோ வீட்டில் இருப்பவராகவோ இருப்பார். வேலைக்குப் போகும் இளைஞர் விட்டுப்போவார். இந்த விஷயத்தில் இளைஞரின் கருத்தும் முதியவரின் கருத்தும் பெரும்பாலும் வேறு. வீட்டில் உள்ள பெரியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் நேரம் குறித்துக்கொண்டு திரும்பிப் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தாவக் கூடாது. குறைந்தது மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில், அதில் ஒன்று மாலையிலும் ஒன்று விடுமுறை நாளிலும்.

இணையத்தில் 'யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம்' என்று வைக்கும் பெட்டி சர்வே ஆகாது. ரசிகர் மன்றமும் எதிர்ப்புக் குழுவும் ஆள் திரட்டிப் போடும் போட்டி அது. ஒரு லட்சம் வாக்கு வந்தாலும் 400 பேரை முறையாகக் கேட்டதற்கு ஈடாகாது.

முதல் வாக்கியத்திலும் கவனம் வேண்டும். "ஒலிம்பிக் பற்றி ஒரு சர்வே" என்று தொடங்கினால் விளையாட்டில் ஆர்வமுள்ளவர் உட்கார்ந்து பேசுவார், மற்றவர் நேரமில்லை என்பார். "நகர வாழ்க்கை பற்றிய சர்வே" என்று தொடங்குங்கள். அதில் பொய்யில்லை, ஏனென்றால் முதல் கேள்விகள் அதைப் பற்றித்தான் இருக்கப்போகின்றன. யார் பணம் கொடுத்து எடுக்கப்படுகிறது என்று கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்காவிட்டாலும் கடைசியில் சொல்லிவிட வேண்டும்.

கேள்விகள்

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். தேர்வில் வரும் பிழையைக் கணக்கிட முடியும், ஆனால் கேள்வியின் சொல்லால் வரும் பிழையைக் கணக்கிட வழியில்லை, அது பெரிதாகவும் இருக்கும்.

வரிசையிலிருந்து தொடங்கலாம். முதலில், விளையாட்டு என்ற சொல்லே வராமல், "இந்த நகரத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியவை எவை?" என்று திறந்த கேள்வி, அவர் சொல்லும் மூன்றை அவர் சொல்லாலேயே எழுத வேண்டும். இரண்டாவது, போட்டிக்கான முயற்சி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாரா, எவ்வளவு தெரியும். மூன்றாவதுதான் அடிப்படைக் கேள்வி. அதற்குப் பிறகு உறுதி, காரணம், எதிர்பார்க்கும் விளைவுகள், செலவு, வாக்களிப்பு. கடைசியில் வயது, படிப்பு, சொந்த வீடா வாடகையா, வருமானம் சுற்றுலாவையோ கட்டுமானத்தையோ நம்பியிருக்கிறதா என்பவை. செலவுக் கேள்வியை அடிப்படைக் கேள்விக்கு முன் வைத்தால் ஆதரவு சரியும், பெருமையையும் பதக்கத்தையும் முன் வைத்தால் ஏறும். இரண்டு பக்கத்தாரும் இந்தத் தந்திரத்தை நன்றாக அறிவார்கள்.

அடிப்படைக் கேள்வியை இப்படி எழுதலாம்: "இந்தப் போட்டியை நம் நகரத்தில் நடத்துவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, எப்படியானாலும் சரி என்று இருக்கிறீர்களா, அல்லது சொல்லும் அளவுக்குத் தெரியாதா?" இரண்டு பக்கமும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். "ஆதரிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் சொல்பவர்கள் உண்டு. பாதிப் பேருக்கு 'ஆதரிக்கிறீர்களா' முன்னாலும், பாதிப் பேருக்கு 'எதிர்க்கிறீர்களா' முன்னாலும் வரும்படி மாற்றுங்கள்.

'எப்படியானாலும் சரி', 'தெரியாது' இரண்டையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். முதலாமவர் அக்கறை இல்லாதவர், இரண்டாமவர் தகவல் இல்லாதவர். டோக்கியோ 2020 போட்டிக்கு முயன்றபோது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2012இல் எடுத்த கணிப்பில் ஆதரவு 47 சதவீதம்தான். மேட்ரிட்டும் இஸ்தான்புல்லும் 70ஐத் தாண்டியிருந்தன. ஆனால் டோக்கியோவில் எதிர்ப்பு 23 சதவீதம். 30 சதவீதம் பேர் நடுவில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே கமிட்டியின் கணிப்பில் ஆதரவு 70. நடுவில் இருப்பவர்களைத் தனியாகக் காட்டாத அட்டவணையில் இப்படி ஒரு நகர்வுக்கு இடமிருப்பது தெரியவே தெரியாது.

உறுதியை அளக்க இரண்டு துணைக் கேள்விகள் போதும்: "இந்தக் கருத்து மாற வாய்ப்பு இருக்கிறதா?" "இதைப் பற்றிக் கடந்த ஒரு மாதத்தில் வீட்டிலோ வெளியிலோ பேசினீர்களா?" ஆதரிப்பவர்களில் பாதிப் பேர் மாறலாம் என்றும், எதிர்ப்பவர்களில் பத்தில் ஒருவர்தான் மாறலாம் என்றும் சொன்னால் 55க்கு 35 என்ற முன்னிலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளைவுகளைக் கேட்கும்போது 'ஒத்துக்கொள்கிறேன், இல்லை' வகைக் கேள்விகளைத் தவிருங்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எதிரெதிரான இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து எது தன் எண்ணத்துக்கு நெருக்கம் என்று கேட்பது மேல்: "போட்டிக்குப் பிறகு வாடகை ஏறும்" அல்லது "போட்டியால் வாடகையில் பெரிய மாற்றம் இராது". ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி. "போக்குவரத்தும் வேலைவாய்ப்பும் மேம்படும்" என்பது இரண்டு கேள்வி. முதலுக்கு ஆமாம், இரண்டாவதுக்கு இல்லை என்று நினைப்பவர் எங்கே குறியிடுவார்? போக்குவரத்து, வாடகை, வேலை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல், போட்டிக்குப் பிறகு மைதானங்களின் கதி, ஊரின் பெயர், சிறுவர்கள் விளையாட வருவது, ஊழல் என்ற ஒன்பது தலைப்பு போதும். வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் கொடுங்கள்.

"உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கும் இந்த அரிய வாய்ப்பை..." என்று தொடங்கும் கேள்வியைப் பற்றி எழுத எதுவுமில்லை. அப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் கேட்கப்படுகின்றன என்பதால் மட்டுமே இங்கே குறிப்பிடுகிறோம்.

விலையைக் கேட்பது

1976 குளிர்கால ஒலிம்பிக் டென்வருக்கு 1970இல் வழங்கப்பட்டது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது போட்டி வேண்டுமா என்பதல்ல, அதற்கு அரசுப் பணம் செலவழிக்கலாமா என்பது. ஏறக்குறைய 60 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். போட்டி இன்ஸ்புருக்கிற்குப் போனது. போட்டியையும் பணத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நேர்காணல்களை வாய்ப்புமுறையில் மூன்றாகப் பிரியுங்கள். முதல் பிரிவுக்குப் பணம் பற்றிய பேச்சே இல்லாத கேள்வி. இரண்டாவதுக்கு, "செலவில் ஒரு பகுதி அரசுப் பணமாக இருந்தால்" என்ற சொற்றொடர். மூன்றாவதுக்கு, "செலவு திட்டமிட்டதைத் தாண்டினால் கூடுதல் தொகையை அரசு ஏற்க வேண்டியிருந்தால்". மூன்றாவது மிகையான கற்பனை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கில், 1960க்குப் பிந்தைய ஒலிம்பிக்குகளின் விளையாட்டு சார்ந்த செலவு, பணவீக்கத்தைக் கழித்த பிறகும், திட்டமிட்டதைவிடச் சராசரியாக 172 சதவீதம் கூடியிருக்கிறது. 1976 கோடை ஒலிம்பிக்கிற்காக மாண்ட்ரியல் பட்ட கடன் 2006இல்தான் தீர்ந்தது. ஆனாலும் இந்தத் தகவல்களைக் கேள்விக்குள் திணிக்க வேண்டாம். அப்போது சர்வே பிரசாரமாகிவிடும். பிரிவுக்கு 500 பேர் இருந்தால், இரண்டு பிரிவுகளுக்கு இடையே 6 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் நம்பலாம். ஆகவே சிறிய சர்வேயில் மூன்று பிரிவுக்கு ஆசைப்படாமல் இரண்டோடு நிறுத்துங்கள்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், எவ்வளவு தரத் தயார் என்பதையே கேட்கலாம். "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று வெறுமனே கேட்டால் பாதிப் பேர் பூஜ்யம் என்பார்கள், சிலர் நடக்க முடியாத தொகையைச் சொல்வார்கள். வாக்கெடுப்பு வடிவமே நல்லது: "இந்தப் போட்டிக்காக உங்கள் குடும்பம் பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இவ்வளவு கூடுதல் வரி கட்ட வேண்டும் என்றால் ஆதரித்து வாக்களிப்பீர்களா?" ஒருவருக்கு ஒரே தொகை. ஐந்து தொகைகளை 200 பேருக்கு ஒன்று வீதம் வாய்ப்புமுறையில் கொடுங்கள். எந்த வரி, எத்தனை ஆண்டு, யார் வசூலிப்பார் என்பவை கேள்வியிலேயே இருக்க வேண்டும். அதே பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். 5, 10, 20, 40, 80 என்ற தொகைகளுக்கு ஆமாம் சொன்னவர்கள் முறையே 52, 43, 31, 17, 8 சதவீதம். 5க்குச் சம்மதித்து 10க்கு மறுத்தவர்கள் 9 சதவீதம். அவர்களுக்கு 5 என்றே வைக்கிறோம். இப்படியே ஒவ்வொரு இடைவெளிக்கும் கீழ்த் தொகையைப் போட்டுக் கூட்டினால் சராசரி 14.45. ஆனால் சரிபாதிப் பேர் ஏற்கும் தொகை 6 அளவில்தான் நிற்கிறது. மொத்தப் பயன் எவ்வளவு என்று கணக்கிடும் பொருளியலாளருக்குச் சராசரி வேண்டும். வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டியவருக்கு அந்த 6தான் வரம்பு. விண்ணப்பக் குழுக்கள் பெரும்பாலும் சராசரியை மட்டும் அச்சடிக்கும்.

மறுத்தவர்களிடம் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். "எனக்கு அதில் பயனில்லை" என்பவரின் பூஜ்யம் உண்மையான பூஜ்யம். "ஏற்பாட்டாளர்கள் கட்டட்டும்", "அரசை நம்ப முடியாது" என்பவர் வரியைத்தான் மறுக்கிறார், போட்டியை அல்ல. இருவரையும் சேர்த்தும் பிரித்தும் இரண்டு கணக்காகக் காட்ட வேண்டும்.

லண்டன் 2012க்கு முன் இந்த முறையில் நடந்த ஆய்வில், பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் லண்டன் குடும்பங்கள் சராசரி 22 பவுண்டும், மான்செஸ்டர் 12, கிளாஸ்கோ 11 பவுண்டும் தரத் தயார் என்று தெரிந்தது. லண்டன்வாசிகளின் நகரவரியில் பிறகு சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் தொகை, நடுத்தர மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு. ஆனால் விண்ணப்பத்தின்போது 240 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்ட அரசுச் செலவு, 2007இல் 930 கோடியாக மாற்றி அறிவிக்கப்பட்டது. மக்கள் பதில் சொன்னது முதல் விலைக்கு. ஆகவே அறிக்கையில் எந்தச் செலவு மதிப்பீட்டை வைத்துக் கேள்வி கேட்கப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

ஒத்திகையும் களமும்

எழுதிய கேள்வித்தாளை முதலில் பத்துப் பேரிடம் உட்கார்ந்து படித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'உத்தரவாதம்', 'உள்கட்டமைப்பு', 'மரபுப் பயன்' போன்ற சொற்கள் அங்கேயே உடையும். "போட்டி முடிந்த பிறகும் ஊருக்கு மிஞ்சுவது" என்று எழுதினால் புரியும். பிறகு 30 பேரிடம் முழு ஒத்திகை. நேரில் 15 நிமிடம், தொலைபேசியில் 10 முதல் 12, கைபேசித் திரையில் 8. அதற்கு மேல் போனால் பின்பாதிக் கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் ஒரே பதில் விழத் தொடங்கும்.

களப்பணியாளர் ஒருவருக்கு 25 நேர்காணலுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒருவரின் குரலும் முகபாவமும் முடிவைச் சாய்க்காமல் இருக்க இதுதான் வழி. போட்டி விளம்பரம் போட்ட சட்டை, தொப்பி, பேனா எதுவும் கூடாது. பத்தில் ஒரு நேர்காணலை மேற்பார்வையாளர் தொலைபேசியில் சரிபார்க்க வேண்டும்: வந்தார்களா, எவ்வளவு நேரம், வரிக்கேள்வியை முழுக்கப் படித்தார்களா. நீளமான கேள்வியைச் சுருக்கிப் படிப்பது களத்தின் நிரந்தர வியாதி, அதில் முதலில் பலியாவது 'பத்து ஆண்டுகளுக்கு' என்ற சொல்.

களத்தை 10 முதல் 14 நாளுக்குள் முடியுங்கள். நடுவில் பெரிய வெற்றியோ ஊழல் செய்தியோ வந்தால் நிறுத்த வேண்டாம். தேதியைக் குறித்துக்கொண்டு, முன்னும் பின்னும் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

எடையிடல்

வந்தவர்களின் வயது, பால், படிப்பு, பகுதி ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிக்கட்டுங்கள். படிப்பை விட்டுவிடுவது வழக்கமான தவறு. படித்தவர்கள் சர்வேக்கு எளிதில் சம்மதிப்பார்கள். ஒருவரின் எடை 5ஐத் தாண்டினால் அந்த ஒருவரே ஒரு கூட்டமாகிவிடுவார், எடையை 5இலேயே நிறுத்திவிடுங்கள். எடையிட்ட பிறகு பிழை வரம்பை மறுபடி கணக்கிட வேண்டும், பழைய 3.1ஐயே அச்சடிக்கக் கூடாது.

எண்களைப் படிப்பது

1000 பேர் சர்வேயில் ஆதரவு 48, எதிர்ப்பு 44 என்று வந்தால் முன்னிலை 4 புள்ளி. ஆனால் முன்னிலைக்கான பிழை 3.1 அல்ல, ஏறக்குறைய 6. அதாவது யார் முன்னால் என்று இந்த சர்வேயால் சொல்ல முடியாது. அதேபோல 1000 பேர் கொண்ட இரண்டு சர்வேக்களுக்கு நடுவில் 4.4 புள்ளிக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தை மாற்றம் என்று எழுதக் கூடாது. பாஸ்டனில் 51 என்பது 36 ஆனது சந்தேகமே இல்லாத சரிவு. 44 என்பது 46 ஆகியிருந்தால் அது செய்தியே அல்ல.

சர்வேயும் வாக்கெடுப்பும் ஒன்றல்ல. 2015இல் ஹாம்பர்க் நகரில் வாக்கெடுப்புக்கு முந்தைய கணிப்புகளில் ஆதரவே பெரும்பான்மை. நவம்பர் 29 அன்று 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு 1,120 கோடி யூரோ. அதில் 620 கோடி மத்திய அரசு தரும் என்று எதிர்பார்த்தார்கள், ஆனால் வாக்கு நாள் வரை அந்தக் கையெழுத்து வரவில்லை. இரண்டு வாரம் முன்புதான் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்திருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மென்மையான ஆதரவாளர் வீட்டிலேயே இருப்பார். எதிர்ப்பவர் போய் வாக்களிப்பார். எனவே "வாக்களிக்கப் போவீர்களா, 0 முதல் 10க்குள்" என்று கேட்டு, 9, 10 சொன்னவர்களை மட்டும் வைத்து ஒரு முடிவும், 7க்கு மேல் சொன்னவர்களை வைத்து இன்னொன்றும் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால்தான் வெளியே பேசலாம்.

வாக்கெடுப்பு என்றாலே தோல்வி என்றும் எண்ண வேண்டாம். 2003இல் வான்கூவரில் 64 சதவீதம் ஆதரவு. 2018இல் கால்கரியில் 56 சதவீதம் எதிர்ப்பு. ம்யூனிக் 2013இல் மறுத்தது. 2025 அக்டோபரில் அதே நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஆதரவாக விழுந்தது. புதிய திட்டம் 1972 போட்டிக்குக் கட்டியவற்றைப் பெரிதும் நம்பியிருந்தது. எது கட்டப்படும், எது ஏற்கெனவே இருக்கிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுவதால், ஒரு திட்டத்துக்குக் கிடைத்த பதிலை அடுத்த திட்டத்துக்கு எடுத்துப் போட முடியாது.

எப்போது மறுபடி கேட்பது?

ஒரே ஒரு முறை கேட்பதாக இருந்தால், செலவு மதிப்பீடு வெளியான மூன்று வாரம் கழித்துக் கேளுங்கள். பல முறை கேட்க வசதி இருந்தால்: அறிவிப்புக்கு முன், மதிப்பீட்டுக்குப் பின், உரிமை கிடைத்ததும், கட்டுமானத்தின் நடுவில், போட்டிக்கு ஆறு மாதம் முன், முடிந்து ஆறு மாதம் கழித்து, பிறகு மூன்றாம் ஆண்டில். அடிப்படைக் கேள்வியின் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், வரிசையையும் மாற்றாதீர்கள். பிரேசிலில் 2014 உலகக் கோப்பைக்கான ஆதரவு 2008இல் 79 சதவீதமாகவும், 2014 ஏப்ரலில் 48 சதவீதமாகவும் இருந்ததைச் சொல்ல முடிவது, ஒரே நிறுவனம் இடையில் விடாமல் கேட்டுக்கொண்டே வந்ததால்தான். போட்டி நடக்கும் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் கணிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது பதக்கப் பட்டியலோடு ஏறி இறங்கும்.

முடிந்தால் முதல் சுற்றில் பேசியவர்களில் பாதிப் பேரைத் திரும்பப் பிடியுங்கள். இரண்டு தனி சர்வேக்களில் மொத்தம் 50ஆகவே நிற்பது போலத் தெரியும்போது, உள்ளே பத்துப் பேர் இப்படியும் பத்துப் பேர் அப்படியும் இடம் மாறியிருக்கலாம். யார் மாறினார், எதைக் கேட்டு மாறினார் என்பது அவர்களிடம் மட்டுமே கிடைக்கும்.

வெளியிடும்போது

கேள்வித்தாளை முழுதாக, வரிசை மாறாமல் இணையுங்கள். கள தேதிகள், எத்தனை கதவு தட்டி எத்தனை பேர் பேசினார்கள், எடையிட்ட முறை, பணம் கொடுத்தவர் யார் என்பவை முதல் பக்கத்திலேயே வரட்டும். தலைப்பு எண்ணாக ஆதரவு சதவீதத்தை மட்டும் போடாமல், பணம் பற்றிச் சொல்லாமல் கேட்டபோது வந்தது, அரசுப் பணம் என்று சொன்னபோது வந்தது, கூடுதல் செலவும் அரசுடையது என்றபோது வந்தது என மூன்றையும் ஒரே வரியில், ஒரே எழுத்தளவில் போடுங்கள். 100 பேருக்குக் குறைந்த பிரிவுகளுக்குச் சதவீதம் அச்சடிக்க வேண்டாம். மைதானத்தை ஒட்டிய வார்டுகளின் பதிலை நகர மொத்தத்துக்குள் கரைத்துவிடாமல் தனி அட்டவணையாகக் கொடுத்து, அறிக்கை பத்திரிகைகளுக்குப் போகும் அன்றே அந்த வார்டுகளில் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த சுற்றில் கதவு திறப்பது அதைப் பொறுத்தே இருக்கும்.